குறிலும் நெடிலும் அறிந்த வீட்டில் லத்தீன்: ‘ஃபமிலியா ரோமானா’ பாடநூலோடு இரண்டு ஆண்டுகள்

டெக்சஸ் மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் கூடும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், லத்தீன் பற்றிய பேச்சு வந்துவிடும். எந்த வயதில் தொடங்குவது, எந்தப் புத்தகம், எந்த உச்சரிப்பு என்று ஆளுக்கொரு கட்சி. இடைக்கால ஐரோப்பாவின் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்று படிகளைக் கல்விக்குள் மீட்டுக்கொண்டுவர வேண்டும் என்றும், அதற்கு லத்தீன் இலக்கணமே உறுதியான அடித்தளம் என்றும் 1947-இல் ஆங்கில எழுத்தாளர் டொரதி சேயர்ஸ் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரைதான் இவர்களில் பலருக்கு வேதம். எங்கள் வீட்டில் லத்தீன் நுழைந்த காரணம் அவ்வளவு உயர்வானதல்ல. வாரம் ஒருமுறை கூடும் குழுவில் மற்ற பிள்ளைகள் லத்தீனில் பத்துவரை எண்ணுவதைக் கேட்டுவிட்டு வந்த என் மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது, தனக்கும் அது வேண்டும் என்று இரண்டு நாள் அடம்பிடித்தான்.

முதலில் பணம் கட்டி ஓர் இணைய வகுப்பில் சேர்த்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எட்டு வாரம் நடந்தது. ‘அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த்’ என்று பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிப்பதும், வேற்றுமை அட்டவணைகளை நிரப்பி அனுப்புவதுமே பாடம். ஒன்பதாம் வாரம் அவனிடம் ‘நான் நேசிக்கிறேன்’ என்பதற்கு லத்தீனில் என்ன என்று கேட்டேன். ஆறு வடிவங்களையும் ஒரே மூச்சில் சொன்னானே தவிர, அவற்றில் எது ‘நான்’ என்பது அவனுக்குத் தெரியவில்லை. மனப்பாடத்தை நான் பழிப்பவள் அல்லள். ஆத்திசூடியும் வாய்ப்பாடும் ஒப்பித்தே வளர்ந்தவள். ஆனால் பொருள் தெரிந்த பிறகு நெட்டுருப் போடுவது வேறு, நெட்டுருவே பாடமாகிவிடுவது வேறு. எஞ்சிய வாரங்களுக்கான கட்டணம் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, அந்தக் கதையை இத்தோடு விடுகிறேன்.

அடுத்து வாங்கியதுதான் இந்த மதிப்புரைக்குரிய நூல்: டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் (1920–2010) எழுதிய ‘லிங்குவா லத்தீனா பெர் சே இல்லுஸ்த்ராத்தா’ வரிசையின் முதல் பகுதியான ‘ஃபமிலியா ரோமானா’. முதல் வடிவம் வேறொரு தலைப்பில் 1955-இல் வந்தது. இப்போதைய தலைப்பு 1990-இல் இருந்து வழங்குகிறது. 35 அத்தியாயங்கள். அட்டை முதல் அட்டை வரை ஒரு சொல்கூட ஆங்கிலம் இல்லை. விளக்கமும் லத்தீன், இலக்கணக் குறிப்பும் லத்தீன், பயிற்சிக்கான கட்டளையும் லத்தீன். புரட்டிப் பார்த்த என் கணவர், இது பாடநூலா, படித்து முடித்தவர்களுக்கான பரிசா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முதல் பக்கமே பதில் சொல்லிவிடுகிறது. பக்கத்தின் மேலே ரோமப் பேரரசின் வரைபடம். அதன் கீழே முதல் வாக்கியம்: ‘ரோம இன் இத்தலியா எஸ்த்.’ ரோம் இத்தாலியில் இருக்கிறது. அடுத்தது ‘இத்தலிய இன் எவ்ரோப்பா எஸ்த்.’ வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இவை மொழிபெயர்க்கப்பட வேண்டியவை அல்ல. ஆனால் இந்த இரண்டு வரிகளுக்குள் ஓர் இலக்கணம் ஒளிந்திருக்கிறது: இத்தாலி எழுவாயாக வரும்போது ‘இத்தலிய’ என்று குறிலில் முடிகிறது, ‘இத்தாலியில்’ என்னும்போது ‘இத்தலியா’ என்று நெடிலாகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு, எழுத்தின் தலையில் போட்ட ஒரு கோடு மட்டுமே. பல வாரங்களுக்கு அந்தக் கோட்டை அவர்கள் காண்பதே இல்லை என்று குழுவில் உள்ள தாய்மார்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ என்று தொடங்கி குறில் நெடில் பிழைக்காகச் சிவப்பு மை வாங்கிப் பழகிய என் மகனுக்கோ, கோட்டைப் பார்த்ததும் அது நெடில் என்று தெரிந்துவிட்டது. எ, ஏ, ஒ, ஓ என்ற வேறுபாடும் லத்தீனில் அப்படியே உண்டு. ‘ஒஸ்’ என்றால் எலும்பு, ‘ஓஸ்’ என்றால் வாய். ‘லிபெர்’ என்றால் புத்தகம், ‘லீபெர்’ என்றால் சுதந்திரமானவன். ‘மலும்’ தீமை, ‘மாலும்’ ஆப்பிள். (நூலின் பெயரைக்கூடக் கறாராக ‘ஃபமிலிய ரோமான’ என்றுதான் எழுத வேண்டும், தமிழ்க் கண்ணுக்கு அது அச்சுப்பிழைபோலத் தோன்றும் என்பதால் நெடிலாக்கியிருக்கிறேன்.)

இரண்டு வயது இளையவளான மகள், அண்ணன் படிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே தன் குறிப்பேட்டில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. உயிரெழுத்துகளைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லாமல் மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு நாள், ‘உன்னை’ என்ற பொருளுள்ள சொல்லும் (tē) ‘இருந்து’ என்ற பொருளுள்ள சொல்லும் (dē) அவள் ஏட்டில் ஒரே ‘தே’ என்று இருப்பதைக் கண்டு அவளே குழம்பி உட்கார்ந்திருந்தாள். வல்லின ஒலிப்பும் மென்மையாக ஒலிப்பதும் நம் எழுத்தில் வேறுபடாது என்பதை அன்று கண்டுபிடித்தாள். அதன் பிறகு ரோமன் எழுத்துக்கு மாறிவிட்டாள். அந்தப் பழைய ஏடு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

நூலின் உத்தி என்னவென்றால், முன்பின் தெரியாத சொல் வரும்போது அதன் பொருள் சூழலிலிருந்தோ, பக்க ஓரத்துச் சிறு படத்திலிருந்தோ, ஓரத்தில் உள்ள சில குறிகளிலிருந்தோ தெளிவாகிவிடும்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் கட்டியிருக்கிறார்கள். சமக்குறி என்றால் ஒரே பொருள். இருபக்க அம்பு என்றால் எதிர்ச்சொல். முக்காற்புள்ளி என்றால் ‘இந்த இடத்தில் இன்ன பொருள்’. அத்தியாய முடிவில் ‘பென்சும்’ என்று மூன்று பயிற்சிகள்: முதலாவதில் சொல்லின் விகுதியை மட்டும் நிரப்ப வேண்டும், இரண்டாவதில் சொல்லை நிரப்ப வேண்டும், மூன்றாவதில் கேள்விகளுக்கு முழு வாக்கியத்தில் விடை சொல்ல வேண்டும். மூன்றாவதை நாங்கள் எழுதுவதே இல்லை; சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே நான் கேட்பேன், பிள்ளைகள் சொல்வார்கள். முதல் அத்தியாயத்தில் ‘எஸ்த்னே கல்லிய இன் எவ்ரோப்பா?’ என்ற கேள்வி வந்தபோது, ‘எஸ்த்’ என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘னே’ என்ன என்று நான் விளக்கத் தொடங்கும் முன்பே மகன், “அது நம்ம ‘இருக்கிறதா’-வில் வருகிற ‘ஆ’ தானே அம்மா?” என்றான். கேள்விக்கென்று ஓர் ஒட்டு. ‘உம்’ போலச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘க்வே’ வந்தபோது அவன் கேட்கக்கூட இல்லை.

மூன்றாம் அத்தியாயம்தான் எங்கள் வீட்டில் இந்த நூலை நிலைநிறுத்தியது. யூலியா என்ற சிறுமி பாடிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் மார்க்குஸுக்கு அது பிடிக்கவில்லை. ‘மார்குஸ் யூலியம் புல்ஸத்.’ மார்க்குஸ் யூலியாவை அடிக்கிறான். சொல்லுக்குச் சொல் நேராக வைத்துப் பாருங்கள்: எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில், நம் ‘ஐ’ உருபு நிற்கும் இடத்தில் அங்கே ‘ம்’ நிற்கிறது. ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையே யார் அடித்தார், யார் அடிவாங்கினார் என்பதைத் தீர்மானிப்பதால், அந்த மொழியில் ஊறிய பிள்ளைகளுக்கு இரண்டாம் வேற்றுமை என்பதே பெரிய மலையாகிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அது தினசரிப் பேச்சு. அந்த அத்தியாயத்தில் யூலியா அழுகிறாள், இன்னொரு அண்ணன் குயின்துஸ் வந்து மார்க்குஸை அடிக்கிறான், தாய் வந்து விசாரிக்கிறாள், தூங்கிக்கொண்டிருந்த தந்தை எழுப்பப்படுகிறார், கடைசியில் மார்க்குஸுக்கு முதுகில் ‘துக்ஸ்தக்ஸ், துக்ஸ்தக்ஸ்’ என்று விழுகிறது. அந்தச் சத்தத்தை மகள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணன் தன் அறைக்குள் வந்தாலே “துக்ஸ்தக்ஸ்” என்று எச்சரிக்கை.

நான்காம் அத்தியாயத்தில் வரும் விளி வேற்றுமை எங்களுக்கு ஐந்து நிமிட வேலையாக இருந்தது. மேதுஸ் என்ற அடிமையை முதலாளி ‘மேதே!’ என்று கூப்பிடுவதும் கந்தனைக் ‘கந்தா’ என்று கூப்பிடுவதும் ஒரே செயல்தான். ஏழாம் அத்தியாயத்தில் ‘கு’ உருபு. இடையில் ஐந்தாம் அத்தியாயத்தில் சற்றே தடுக்கும்: நாம் ஆல், ஓடு, இல், இலிருந்து என்று பிரித்துச் சொல்வதையெல்லாம் லத்தீன் ஒரே வேற்றுமைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டபோது எதிர்த்திசையிலிருந்து இதே வேற்றுமைகளோடு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. நம் மொழியில் மேசை அஃறிணை, அதோடு பேச்சு முடிந்தது. லத்தீனில் மேசை பெண்பால், நதி ஆண்பால், நகரைக் குறிக்கும் ‘ஒப்பிதும்’ இரண்டும் அல்லாதது. பெயரின் பாலுக்கேற்பப் பெயரடையும் மாற வேண்டும்: குறும்புக்காரச் சிறுவன் ‘இம்ப்ரொபுஸ்’, சிறுமி ‘இம்ப்ரொப’. “நல்ல பையன், நல்ல பெண் என்று நாம் ‘நல்ல’-வை மாற்றுவதில்லையே” என்ற மகனின் புலம்பல் ஆறு மாதம் ஓயவில்லை. வினையிலோ தலைகீழ். ‘கந்தோ, கந்தாஸ், கந்தத்’ என்பது பாடுகிறேன், பாடுகிறாய் என்பதுபோல விகுதியாலேயே ஆளைக் காட்டும். ஆனால் ‘கந்தத்’ பாடுகிறானா பாடுகிறாளா என்பதை அது சொல்லாது. மகளுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

இனி குறைகள். முதலாவது, இது சிறுபிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட நூல் அல்ல. கதையில் பிள்ளைகள் வருவதால் அப்படித் தோன்றுகிறதே ஒழிய, வேகம் வளர்ந்த மாணவர்களுக்குரியது. முதல் எட்டு அத்தியாயங்கள் சமதரையில் நடப்பதுபோல இருக்கும். ஒன்பதாவதில் மேய்ப்பனும் ஆடுகளும் வரும்போது மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்கள் (வேற்றுமை விகுதிகள் மாறும் முறையை வைத்து லத்தீன் பெயர்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்) மந்தையாகவே இறங்குகின்றன. பன்னிரண்டில் நான்காம் வகை, பதின்மூன்றில் ஐந்தாம் வகை. பதினாறில், வடிவத்தில் செயப்பாட்டு வினையாகவும் பொருளில் செய்வினையாகவும் நிற்கும் வினைகள் வந்து சேர்கின்றன. அந்த அத்தியாயத்தில் நாங்கள் ஏழு வாரம் கிடந்தோம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன் மூன்று மாத ஓய்வு கொடுத்து, முதல் எட்டையும் மறுபடி உரக்கப் படிக்கவைப்பது நல்லது என்பது பட்டறிந்து நான் சொல்வது. இறந்தகாலம் பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான் தலைகாட்டுகிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை எல்லாரும் நிகழ்காலத்திலேயே உண்டு உறங்கி அடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, பெற்றோர் படிக்காமல் இந்த நூல் வீட்டில் நடக்காது. எனக்கு லத்தீன் தெரியாது. பிள்ளைகள் எழுவதற்கு முன் முக்கால் மணி நேரம் நான் அடுத்த அத்தியாயத்தைப் படித்து, மூன்று பயிற்சிகளையும் எழுதி, விடைக்குறிப்போடு ஒத்துப்பார்த்த பிறகுதான் அவர்களிடம் போகிறேன். விடைக்குறிப்பு தனியே வாங்க வேண்டியது, மூலநூலில் இல்லை. அமெரிக்காவில் ஹாக்கெட் பதிப்பகம் வெளியிடும், ஜீன் நியூமன் ஆங்கிலத்தில் எழுதிய துணைநூல் ஒவ்வோர் அத்தியாயத்தின் இலக்கணத்தையும் விரித்துச் சொல்கிறது. கல்லூரி மாணவருக்கான நடை என்றாலும் எனக்கு அது இல்லாமல் முடிந்திருக்காது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. ‘எக்சர்சித்தியா லத்தீனா’ என்ற கூடுதல் பயிற்சிநூல் பயனுள்ளது, ஆனால் எல்லாவற்றையும் செய்யவைத்தால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். தடுக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள். கதைமாந்தர் உரையாடல்களாக அமைந்த ‘கொல்லோக்வியா பெர்சோனாரும்’ என்ற சிறு நூலைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். அதே சொற்களில் இன்னொரு கதை கிடைக்கும்போது பிள்ளைகள் தங்களுக்கு லத்தீன் தெரியும் என்று நம்பத் தொடங்குகிறார்கள்.

மூன்றாவது, கதையில் வரும் தந்தை யூலியுஸின் வீட்டில் நூறு அடிமைகள் இருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயமே அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறது, மேசைமேல் தடி கிடக்கிறது, முதலாளி மிரட்டுகிறார், நூல் இதையெல்லாம் வானிலை அறிக்கைபோலச் சொல்லிக்கொண்டு போகிறது. ரோமானிய வாழ்க்கை அப்படித்தான் இருந்தது என்பது சரி, ஆனால் டெக்சஸில் வளரும் பிள்ளைகளோடு அதை விளக்கமின்றிக் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. நான்காம் அத்தியாயத்தில் முதலாளியின் பணத்தைத் திருடிய மேதுஸைத் திருடன் என்று கரித்துக்கொட்டிய என் மகன், பதினாறாம் அத்தியாயத்தில் அதே மேதுஸ் காதலி லிதியாவோடு கப்பலேறித் தப்பும்போது, “புயல் வந்து முழுகிவிடக் கூடாது” என்று பக்கத்தைத் திருப்பப் பயந்தான். நடுவில் எங்களுக்குள் நடந்த பேச்சுகள்தாம் இதற்குக் காரணம். அந்தப் பேச்சுக்கான பொறுப்பை நூல் ஏற்பதில்லை என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

உச்சரிப்புச் சண்டையைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. திருச்சபை வழக்கில் ‘சிசெரோ’ போல மென்மையாக ஒலிப்பதைப் பழங்கால வழக்கு ‘கிகெரோ’ என்று சொல்கிறது. ஓர்பெர்க்கின் சொந்தக் குரலில் உள்ள ஒலிப்பதிவு பழங்கால வழக்கைப் பின்பற்றுவது. காரில் போகும்போது அதை ஓடவிடுகிறோம். வழிபாட்டுப் பாடலுக்காகப் படிப்பவர்கள் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஒன்றையே பிடித்துக்கொண்டால் போதும்.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொடக்கமாக இதை வாங்காதீர்கள். மகளுக்கு முதலில் நான் கொடுத்தது, பார்பரா பெல் எழுதி 1999-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘மினிமுஸ்’ என்ற வண்ணப்பட நூல். வட இங்கிலாந்தின் விந்தொலாந்தா என்ற ரோமானியக் கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைச் சுற்றிய சித்திரக்கதை அது. மினிமுஸ் என்பது அந்த வீட்டு எலியின் பெயர். அந்தக் குடும்பத்தலைவி லெபிதினா கற்பனைப் பாத்திரம் அல்லர்: ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கிளாவ்தியா செவெரா என்ற தோழி தன் பிறந்தநாளுக்கு அவரை அழைத்து மெல்லிய மரச்சீவலில் எழுதிய கடிதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைக் காட்டியதும் மகள் தன் பிறந்தநாள் அழைப்பையும் ‘ஸல்வே’ என்று தொடங்க வேண்டும் என்றாள். இலக்கணம் அந்த நூலில் மிகக் குறைவு. ஓராண்டுக்கு அது போதும். அதற்குமேல் அதையே நம்பினால் பிள்ளை லத்தீன் படித்ததாக ஆகாது.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய லத்தீன் தேர்வை வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் எழுதலாம். நாற்பது கேள்விகள், தெரிவுசெய்யும் வகை. அதற்காக இந்த நூலைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வில் தொன்மக் கதைகள், ரோம வரலாறு, புகழ்பெற்ற லத்தீன் மணிமொழிகள், ஆங்கிலச் சொற்களின் வேர்கள் எல்லாம் கேட்கப்படும். ஓர்பெர்க்கின் நூல் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுவதில்லை. தொன்ம வீரன் தீசியுஸின் கதை வரவே இருபத்தைந்தாம் அத்தியாயம் ஆகிவிடும். மகன் இந்த ஆண்டு எழுதவில்லை, எழுதச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

நூலின் அச்சும் தாளும் நன்றாகவே இருக்கின்றன. பழைய பிரதி மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் ஒன்றை வரவழைத்தேன். முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொரு லத்தீன் சொல்லின் தலையிலும் பென்சிலால் ஆங்கிலப் பொருளை எழுதிவைத்திருந்தார். சூழலிலிருந்து பொருளை ஊகிப்பதே இந்த நூலின் உயிர் என்பதால், அப்படிப்பட்ட பிரதியால் எந்தப் பயனும் இல்லை. அழிப்பானோடு இரண்டு மாலைப்பொழுது போராடிவிட்டுப் புதியதே வாங்கினேன்.

மாதம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் மகன் இப்போது இருபத்து மூன்றில் இருக்கிறான். இருபத்தொன்றாவதில் சேறும் இரத்தமுமாக வீட்டுக்கு வந்து தாயிடம் சரளமாகப் பொய் சொன்ன மார்க்குஸ், ஆசிரியர் தந்தைக்கு எழுதிய கடிதத்தால் மாட்டிக்கொள்ளும் இடம். கடிதத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவன் வாய்விட்டுப் படித்து, பாதியில் நிறுத்தி, “வாத்தியார் சம்பளமும் கேட்கிறார் பார்” என்று சிரித்தான். மகள் ஏழாம் அத்தியாயத்தை இரண்டாம் முறையாகப் படிக்கிறாள். இரண்டாம் பகுதியான ‘ரோமா ஐதெர்னா’வை இப்போது வாங்கும் எண்ணம் இல்லை, இருபத்தாறாம் அத்தியாயத்திலிருந்து இணைத்துப் படிக்கத்தக்க ‘ஃபாபுலை சீரை’ என்ற கதைத்தொகுப்பை மட்டும் அடுத்த மாதம் வரவழைக்கப் போகிறேன்.